ஹாபர்சன் கேமரா மீது வந்த ஒரே புகார்

ஆர்விட் ஸ்கோக்ஸ்டாடுக்கு அறுபத்தெட்டு வயது. லிண்ட்விக் ஊர்த் தானியக் கிடங்கில் முப்பத்தொன்பது வருஷம் எடைமேடை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கேமராவுக்கு அவரைவிட இரண்டு வயது கூடுதல். பெயர் ஹாபர்சன் 35. ஒஹையோவில் பால்பண்ணைகளுக்குப் பம்பு செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, யார் பேச்சைக் கேட்டோ கேமரா செய்ய இறங்கி, நாலே வருஷத்தில் பம்புக்கே திரும்பிப் போய்விட்டது. அந்த நாலு வருஷத்துப் பிள்ளைதான் இது. பழைய கேமரா சேர்க்கிற பைத்தியங்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள்கூட ஹாபர்சனைச் சேர்ப்பதில்லை.

பார்வைக்கு அது ஒரு செங்கல். எடையும் அப்படித்தான். கிடங்கின் உச்சியிலிருந்து ஒருமுறை கீழே விழுந்தது. கீழே இருந்த சிமெண்டுத் தரையைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. பதினான்கு வருஷமாக அதை இடதுதோளில் மாட்டியே திரிந்ததில், கழற்றி வைத்துவிட்டால் ஆர்விட்டால் நேராக நடக்க முடியாது. வலதுபக்கம் சாய்ந்து சாய்ந்து, ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவார்.

சிலர் இப்படிப்பட்ட கேமராவை அலமாரியில் வைத்து அழகு பார்ப்பார்கள். ஆர்விட் அதை அன்றாடத்துக்கு வைத்திருந்தார். மற்றவர்கள் எதற்கெல்லாம் போனை எடுக்கிறார்களோ, அதற்கெல்லாம் அவர் ஹாபர்சனை எடுத்தார். கடையில் எந்தக் கடுகுச்சாந்து வாங்குவது என்று குழம்பினால், அலமாரியை ஒரு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். ஃபிலிம் சுருள் முடிய ஒரு வாரம், நிலவறையில் கழுவிக் காயவைக்க ஒரு நாள், பிரதி போட இன்னொரு நாள். அப்புறம் மனைவி மார்லிஸிடம் நீட்டுவார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இடதுபக்கம் மூணாவது" என்பாள். அவர் போய் வாங்கி வருவார். ஒருமுறை வலதுமுழங்கால் வீங்கிவிட்டதென்று படமெடுத்து டாக்டரிடம் கொண்டுபோனார். படம் தயாராவதற்குள் அந்தக் கால் வற்றி இடதுகால் வீங்கியிருந்தது. டாக்டர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, படத்தில் இருந்த காலுக்கே மாத்திரை எழுதிக்கொடுத்தார். அது இன்றுவரை நன்றாக இருக்கிறது.

அந்த வருஷம் வசந்தத்தில் லிண்ட்விக் லூத்தரன் சபைக்குப் புதுப் போதகர் வருவதாக இருந்தது. நியூஜெர்சிக்காரர், டெனிஸ் மொரெட்டி என்று ஒரு அம்மா. சபையில் முப்பத்தெட்டு வீடு. யார் எந்த வீட்டு ஆள் என்று அவருக்குத் தெரிவதற்காகப் படம் போட்ட சபைப் புத்தகம் ஒன்று தயாராக வேண்டும். வழக்கமாக வந்து எடுக்கிறவர்கள் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார்கள். புத்தகக் கமிட்டியின் தலைவி மார்லிஸ்.

"நான் எடுத்துத் தரேனே" என்றார் ஆர்விட்.

மார்லிஸ் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "எதுல?"

"எதுலன்னா? ஹாபர்சன்லதான்."

"ஆர்விட், நாப்பத்திமூணு வருஷமா உன்கூட இருக்கேன். இதுவரைக்கும் உன்கிட்ட எதுக்கும் நிபந்தனை போட்டதில்ல. இப்ப ஒண்ணு போடறேன். சபையில யாராவது ஒரே ஒருத்தர் குறைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்தச் செங்கல் இலையுதிர்காலத்துப் பழஞ்சாமான் சந்தைக்குப் போயிடணும். வாஃபிள் அடுப்பெல்லாம் வெக்கிற மேஜைல."

ஆர்விட் உடனே தலையாட்டினார். லிண்ட்விக்கில் குறை சொல்கிற வழக்கம் இல்லை. கடைசியாக ஒருவர் வாய்விட்டுக் குறை சொன்னது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில். அவரும் அதற்கப்புறம் அயோவா பக்கம் போய்விட்டார். ஒன்று பிரமாதமாக இருந்தால் "பரவாயில்ல" என்பார்கள். சகிக்கவில்லை என்றால் "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

சனிக்கிழமை காலை சர்ச் கூடத்தில் ஒரு நாற்காலியும் ஒரு பெஞ்சும் போட்டு வேலை ஆரம்பமானது. ஹாபர்சனில் பார்வைத்துளை வழியாகப் பார்த்தால் எதிரே இருப்பவர் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பித் திருப்பி இரண்டு பேரையும் ஒருவர்மேல் ஒருவரைக் கொண்டுவந்து வைத்தால் தூரம் சரி என்று அர்த்தம். இதில் ஆர்விட் கெட்டிக்காரர். கவனமாக இருக்கவேண்டியது வேறொரு விஷயத்தில். ஃபிலிமைச் சுற்றுவதற்கு ஒரு குமிழ், ஷட்டரை இழுத்துவிடுவதற்குத் தனியாக ஒரு நெம்புகோல். ஒன்றுக்கும் மற்றதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சுற்ற மறந்தால், எடுத்த படத்தின்மேலேயே அடுத்த படமும் விழும். பம்புக் கம்பெனிக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

மறக்காமல் இருக்க ஆர்விட் தனக்கென ஒரு விதி வைத்திருந்தார். ஆள் எழுந்து போனதும் சுற்று. அவ்வளவுதான். பதினான்கு வருஷமாகப் பிசகாத விதி.

ஆனால் லிண்ட்விக்கில் ஒருவர் எழுந்து போவது என்பது என்ன? முதலில் தொடையில் இரண்டு கையாலும் தட்டி, "சரி, அப்ப..." என்பார்கள். அது அறிவிப்பு மட்டும்தான். பிறகு எழுந்து நின்று பத்து நிமிஷம். கதவருகே பத்து நிமிஷம். கைப்பிடியில் கைவைத்துக்கொண்டு பனி எப்போது உருகும் என்று இன்னொரு பத்து நிமிஷம். டோலஃப்சன் குடும்பம் கதவருகே நிற்கும்போதே பிராட்லண்ட் குடும்பம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தது. இந்த இரண்டு வீட்டுக்கும் பனி தள்ளும் கலப்பை ஒன்றின் விஷயமாகப் பத்தொன்பது வருஷமாகப் பேச்சில்லை. அதற்காகப் பார்த்தும் வணக்கம் சொல்லாமல் போகமுடியுமா? பேச்சில்லாதவர்கள் விடைபெறுவதற்கு மற்றவர்களைவிட நேரம் கூடுதலாக ஆகும். ஆர்விட் பிராட்லண்டுகளை எடுத்து முடித்த பிறகு, இரண்டு குடும்பமும் ஒன்றாக வெளியே போனது. ஆள் போனதும் ஆர்விட் சுற்றினார்.

இப்படியே நாள் முழுக்க, இரண்டு இரண்டு வீடாக.

கடைசி ஜோடியில் மார்லிஸ் தனியாக உட்கார்ந்தாள். ஆர்விட்டையும் சேர்த்து எடுக்கலாம் என்றால், ஹாபர்சனைத் தன்னைத் தவிர வேறு யார் கையிலும் கொடுக்க அவருக்கு மனசில்லை. அவளுக்குப் பின்னால் டுவேன் லீகார்ட் வந்தார். மனைவியை இழந்தவர், பெருத்த உடம்பு, அக்கார்டியன் வாசிப்பவர். அக்கார்டியனோடேயே உட்கார்ந்தார். கதவருகே மார்லிஸ் அவரிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாள்.

கேமராவின் எண்ணிக்கைச் சக்கரம் பத்தொன்பது காட்டியது. ஃபிலிம் இவ்வளவு மிச்சமாகிறதே என்று ஆர்விட் மனதுக்குள் ஹாபர்சனைப் பாராட்டிக்கொண்டார்.

புதன்கிழமை நிலவறையில் படங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. வால்டர் டோலஃப்சனுக்கு நாலு கண்ணும், ஹேஸல் பிராட்லண்டின் சுருட்டைமுடியும் இருந்தன. வால்டரின் தாடைக்குள்ளிருந்து ஒரு பிராட்லண்ட் பையன் எட்டிப்பார்த்தான். கடைசிப் படத்தில் மார்லிஸ் அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள், இடுப்புவரை அக்கார்டியனாக, டுவேனின் காதுகளோடு. ஆர்விட் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

அச்சகத்துக்கு வியாழன் காலைக்குள் கொடுத்தாக வேண்டும். கமிட்டி கூடியது. நாலு பேர், காபி, எலுமிச்சைக் கேக் துண்டுகள். படங்கள் கைக்குக் கை போயின.

"வெளிச்சம் பரவாயில்ல" என்றார் ஒருவர் கடைசியில்.

"ஒரு பக்கத்துக்கு ரெண்டு வீடு. காகிதமும் மிச்சம்" என்றார் இன்னொருவர்.

மார்லிஸ் கடைசிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். "வித்தியாசமா இருக்கு" என்றாள்.

ஆர்விட்டுக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அது புகார் ஆகாது. கமிட்டித் தலைவியும் எடுத்தவர் மனைவியுமாக இருக்கிறவள் சொன்னால் கணக்கில் வராது. அவளுக்கே அது தெரியும். புத்தகம் அச்சாகிவிட்டது.

டெனிஸ் மொரெட்டி கடமையுணர்வு உள்ளவர். வந்த மூன்றே நாளில் புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கூர்ந்து பார்த்து, கையைப் பிடித்துக் குலுக்கினார். "டோலஃப்சன் பிராட்லண்ட் குடும்பம்தானே? பாதிப் பேர் முன்னாடி, பாதிப் பேர் பின்னாடி வர்றீங்களே, உள்ள போய் ஒண்ணா உக்காருங்க" என்றார். வந்து முழுசாக ஒரு வாரம்கூட ஆகாத அம்மாவின் மனதை நோகடிக்க யாருக்கு மனசு வரும்? ஒன்றாக உட்கார்ந்தார்கள். அடுத்து மார்லிஸைப் பார்த்தார். "நீங்க மார்லிஸ். இவர் உங்க வீட்டுக்காரர் டுவேன்" என்று, பக்கத்தில் தற்செயலாக நின்றிருந்த டுவேனின் கையையும் பிடித்துக்கொண்டார். டுவேன் மறுக்க வாயெடுத்தார். ஆனால் நல்ல வார்த்தையாக எதுவும் அகப்படாததால், "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டார்.

பிறகு போதகர் ஆர்விட்டிடம் திரும்பினார். முகம் மலர்ந்தது. "நீங்க புத்தகத்துல இல்லையே. விருந்தாளியா? ரொம்ப சந்தோஷம்." சபை பெயர் போட்ட வரவேற்புக் கோப்பை ஒன்றைக் கையில் கொடுத்தார்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த சர்ச்சின் கூரையில் ஓடு வேய்ந்தவர் ஆர்விட். கோப்பையை வாங்கிக்கொண்டு, "நன்றிங்க" என்றார். அடுத்த ஞாயிறும் ஒரு கோப்பை. அதற்கடுத்த ஞாயிறும்.

இது இத்தோடு நின்றிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். போதகர் அறிவிப்பு நேரத்தில், "எல்லார் வீட்டுக்கும் வரப்போறேன். எப்பன்னு சொல்லமாட்டேன், திடீர்னுதான் வருவேன்" என்றார். அதன்பின் லிண்ட்விக்கில் எவராலும் தன் வீட்டில் நிம்மதியாக இருக்கமுடியவில்லை. போதகர் வரும் நேரத்தில் பாதிக் குடும்பம் இல்லாவிட்டால் அவர் என்ன நினைப்பார்? ஒவ்வொரு நாளும் மதியம் இரண்டு மணிக்குப் பிராட்லண்டுகள் ஆறு பேரும் தங்கள் செருப்புகளோடு டோலஃப்சன் வீட்டுக்குப் போய், இருட்டும் வரை காத்திருந்தார்கள். பேச்சில்லாததால் சீட்டு விளையாடினார்கள்.

டுவேன் ஸ்கோக்ஸ்டாட் வீட்டுக்கு வந்தார். சொந்தத் தலையணை ஒன்றும் கொண்டுவந்தார். ஆர்விட்டின் சாய்வு நாற்காலியில், ஆர்விட்டே வற்புறுத்தியதால், உட்கார்ந்தார்.

"உனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையேப்பா?" என்று தினமும் கேட்பார்.

"எனக்கென்னப்பா" என்பார் ஆர்விட். "இன்னும் கொஞ்சம் ஹாட்டிஷ் போட்டுக்க."

டுவேன் போட்டுக்கொள்வார். கறியும் காயும் அடுக்கி அடுப்பில் சுட்ட அந்தப் பதார்த்தத்தில், உருளைக்கிழங்கு உருண்டை மொறுமொறுப்பாக மேலே இருக்கிற பகுதியை மட்டும் எடுப்பார். அப்புறம் அக்கார்டியனில் ஒரே ஒரு மெட்டை வாசிப்பார். நியூஜெர்சி வண்டி வாசலில் வருகிற சத்தம் கேட்டால், ஆர்விட் பின்கதவு வழியாகப் போய்க் கொட்டகையில் நிற்பார். விருந்தாளி ஆயிற்றே.

"நீதான் போய்ச் சொல்லேன்" என்றாள் மார்லிஸ் ஒரு நாள்.

"என்னன்னு சொல்றது?"

"படம் தப்பா விழுந்துருச்சுன்னு."

"அது குறையாயிடுமே."

"ஆமா. ஆயிடும்" என்றாள் அவள். வெள்ளரிக்காய் நறுக்கினாள்.

ஆர்விட் அன்று ஊருக்குள் நடந்து போனபோது கணக்குப் போட்டுப் பார்த்தார். ஊரில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். சொன்னால் ஹாபர்சன் போய்விடும். சொல்லாவிட்டால் மார்லிஸ் டுவேனின் மனைவியாகவே இருப்பாள். நிதானமாக யோசித்ததில் இரண்டாவதைக் கொஞ்ச காலம் தாங்கலாம் என்றே தோன்றியது. டுவேனுக்கு எழுபத்தைந்து வயது. இதயமும் அவ்வளவு நன்றாக இல்லை.

ஆகஸ்டில் போதகர் கல்லறைத் தோட்டத்து வரைபடத்தைப் புதுப்பித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். எல்லாம் சபைப் புத்தகத்தின்படி. பதினாலாம் எண்ணும் பதினைந்தாம் எண்ணும் டுவேன், மார்லிஸ். அந்த இரண்டு இடத்தையும் ஆர்விட்டின் அப்பா காலத்திலேயே ஸ்கோக்ஸ்டாடுகளுக்கென்று பதிவு செய்தாயிற்று. ஆர்விட் தன் பெயரை மேலிருந்து கீழ்வரை தேடினார். எங்கும் இல்லை. விருந்தாளிகளுக்கென்று வரைபடத்தில் இருந்தது வண்டி நிறுத்துகிற இடம் ஒன்றுதான்.

அவர் கேமராவைத் தோளில் சரிசெய்துகொண்டு, நேராகப் போதகரின் அறைக்குப் போனார். உலகம் முடிகிறவரை அக்கார்டியன் கேட்டுக்கொண்டிருக்க மார்லிஸ் என்ன பாவம் செய்தாள்?

"உக்காருங்க. சபைல சேர்ற எண்ணமா?" என்றார் போதகர்.

"அதில்லீங்க பாஸ்டரம்மா. ஒருத்தர், யாரோ ஒருத்தர்னு வெச்சுக்குங்க, இதைவிடக் கொஞ்சம் வேற மாதிரி இருந்திருந்தாலும் மோசமில்லைன்னு நினைக்கலாம்."

"எது?"

"பொதுவாச் சொன்னேன்."

இப்படி நாற்பது நிமிஷம் போயிற்று. சோளம், மழை, அறையின் புதுத் திரைச்சீலை எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வந்தார். டெனிஸ் மொரெட்டி கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, எங்க ஊர்ல ஒரு விஷயத்தைச் சொல்றதுக்கு அரை நிமிஷம் ஆகும். நேராச் சொல்லுங்க. நான் அழமாட்டேன்."

ஆர்விட் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "புத்தகத்துல இருக்கிற படமெல்லாம் தப்பு. எடுத்தவன் நான். ஃபிலிமைச் சுத்தல. மார்லிஸ் என் பெண்டாட்டி. டுவேன் தினமும் என் நாற்காலியில உக்கார்றான். எனக்குப் பிடிக்கல."

ஐம்பத்தாறுக்கு அப்புறம் லிண்ட்விக்கில் சொல்லப்பட்ட முதல் குறை அது. போதகரின் அறையிலிருந்து வெப்பக்காற்றுக் குழாய் ஒன்று கீழே நிலவறைக் கூடத்துக்கு இறங்குகிறது. அங்கே உட்கார்ந்து மெத்தைவிரிப்பு தைத்துக்கொண்டிருந்த பதினோரு பெண்களுக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டுவிட்டது. ஊசிகள் நின்றன.

ஆர்விட் கதவைத் திறந்து வெளியே வந்தபோது, நடையில் வரிசை நின்றிருந்தது. ஒருவர் சொல்லியாயிற்று, இனி தாங்களும் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறார்கள் போலும். தெரு முனைவரை நீண்டது வரிசை. மூன்று நாள் நடந்தது. காபி தண்ணியாக இருக்கிறது, ஆர்கனின் நாலாவது சுருதி அலறுகிறது, பின்வரிசையில் குளிர்கிறது, எண்பத்தொன்பதில் தன் பூசணிக்குப் பரிசு கொடுக்கவில்லை. வால்டர் டோலஃப்சனும் ஹேஸல் பிராட்லண்டும் சேர்ந்தே உள்ளே போய், பனிக்கலப்பையைப் பற்றிச் சொல்லிவிட்டு, மதியச் சீட்டாட்டத்தை மட்டும் யாரும் நிறுத்தச் சொல்லக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். போதகர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார். கல்லறை வரைபடத்தை அன்றைக்கே திருத்தினார். டுவேன் தலையணையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார். போகும்போது கதவருகே முக்கால் மணிநேரம் நின்றார்.

மார்லிஸ் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தாள். நூற்று எழுபத்திரண்டு குறைகள். அதில் படங்களைப் பற்றியது ஒன்றே ஒன்று. முதலாவது.

"யாராவது ஒருத்தர்னு சொன்னேன்" என்றாள்.

"நானே என்னைப் பத்திச் சொன்னது."

"நீ யாராவது இல்லையா?"

செப்டம்பர் மாதம் பழஞ்சாமான் சந்தை அன்று ஹாபர்சனை அவரே தோளிலிருந்து கழற்றி, இரண்டு வாஃபிள் அடுப்புக்கு நடுவில் வைத்தார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டால் வட்டம் போட்டுவிடுவார். சந்தையின் வழக்கப்படி விற்காமல் மிஞ்சியதைக் கொடுத்தவரே நாலு மணிக்குத் திரும்ப எடுத்துப்போக வேண்டும். கடிகாரம் பத்து காட்டியது.

ஒரு தம்பதி அதைக் கையில் எடுத்துப் பார்த்து, கதவுக்கு முட்டுக்கொடுக்கலாமா என்று பேசிக்கொண்டார்கள். முட்டுக்கொடுக்கவும் கொஞ்சம் கனம் அதிகம் என்று வைத்துவிட்டார்கள். வேறு யாரும் தொடவில்லை. மூன்றே முக்காலுக்கு ஆர்விட் மூச்சை விடலாமா என்று நினைத்த நேரத்தில் டுவேன் லீகார்ட் வந்தார்.

"நாலு மாசமா உன் ஹாட்டிஷைச் சாப்பிட்டேன்" என்றார் டுவேன். "உன் கேமராவை யாரும் சீண்டலேன்னா உனக்குச் சங்கடமா இருக்கும். நான் வாங்கிக்கறேம்ப்பா." சட்டைப் பைக்குள் கைவிட்டார்.

நல்ல மனசோடு சொல்கிறவனிடம் வேண்டாம் என்று லிண்ட்விக்கில் சொல்ல முடியாது. ஆனால் ஆர்விட் இப்போது குறை சொல்லத் தெரிந்த மனிதர்.

"டுவேன், இதைத் தொடாதே" என்றார். "இதுமாதிரி மோசமான கேமராவை மனுஷன் செஞ்சதில்ல. சுத்தற குமிழ் தோலை உரிச்சுடும். லென்ஸ் ஓரமெல்லாம் கஞ்சி ஊத்தின மாதிரி இருக்கும். குளிர்ல ஷட்டர் தூங்கிடும், வெயில்ல தானா முழிச்சுக்கும். தோள்பட்டை போச்சு, நடை போச்சு. ஊரையே கலைச்சுப் போட்டது. என் வீட்டுக்காரியை உனக்குக் கட்டிவெச்சது."

பதினான்கு வருஷத்தில் ஹாபர்சனைப் பற்றி அவர் ஒரு தாழ்ந்த வார்த்தை சொன்னதில்லை. இப்போது பதினைந்து நிமிஷம் நிறுத்தாமல் சொன்னார். ஒவ்வொன்றும் உண்மை. சொல்லச் சொல்ல ஒரு கை மட்டும் கேமராவின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

டுவேன் பையிலிருந்து கையை மெல்ல வெளியே எடுத்தார். "அப்ப எதுக்குப்பா இத்தனை நாள் வெச்சிருந்த?"

"படம் பரவாயில்ல" என்றார் ஆர்விட்.

நாலு மணி அடித்தது. மார்லிஸ் மேஜைத் துணியை மடித்தாள். வாஃபிள் அடுப்பு இரண்டும்கூட விற்றுப்போயிருந்தன. மேஜைமேல் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். விதி விதிதான் என்பதால் அவள் அதை இரண்டு கையாலும் தூக்கிக் கணவரின் தோளில் மாட்டினாள். அவர் நிமிர்ந்து நின்றார்.

"அத்தனை பேர் முன்னாடி அதைப் பத்தி அப்படியா பேசுவாங்க?" என்றாள் வண்டிக்கு நடக்கும்போது. "எனக்கே பாவமா இருந்துச்சு."